குதிரைக்கு முன்னால் நடந்த ஆபெலி

எங்கள் வட்டாரத்தில் வண்டிக்காரன் குதிரைக்குப் பின்னால்தான் இருப்பான். சறுக்குவண்டியில் உட்கார்ந்திருப்பான், அல்லது சுமை கனம் என்றால் இறங்கி வண்டியோடு நடந்து வருவான். ஆபெலி கார்ப்பினென் மட்டும் முன்னால் நடப்பார். ஜூலையில் புல் ஏற்றினாலும் ஜனவரியில் மரக்கட்டை ஏற்றினாலும், வெறும் வண்டியானாலும், ஒரு கை குதிரையின் தாடை வாரைப் பிடித்திருக்கும். குதிரையின் மூச்சு அவர் பிடரியில் படும். இருபத்தாறு வருடம் அப்படி நடந்தார்.

"ஆபெலி, உன் வண்டியை யாருப்பா இழுக்கிறது, நீயா குதிரையா?" என்று கடைவாசலில் நிற்பவர்கள் கேட்பார்களாம்.

"யார் இழுத்தா என்ன, வீடு வந்தாச் சரி," என்பாராம்.

இன்னொன்றும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்புப் பக்கம் உட்கார மாட்டார். எவ்வளவு குளிராக இருந்தாலும் கதவோரம் இருக்கும் பெஞ்சுதான். காப்பியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். ஊரில் அதைத் திமிர் என்றார்கள் சிலர். கூச்சம் என்றார்கள் சிலர்.

நான் பின்லாந்தின் இந்தக் கிழக்கு மூலைக்கு வந்து சேர்ந்தபோது ஆபெலி இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவர் மனைவியின் தம்பி எல்யாஸ். பக்கத்து வீடு. எண்பது வயது. நான் அவர் வாசலில் பனியை வாரிப் போடுவேன், அவர் ஜன்னலுக்குள்ளிருந்து வாரும் முறை தப்பு என்று கையசைப்பார். ஆபெலியைப் பற்றி எல்லா நாளும் பேசமாட்டார். வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே முப்பதைத் தாண்டி இறங்கும் நாட்களில் மட்டும் பேசுவார். அதனால் வெப்பமானி இறங்க இறங்க எனக்கு ஒரு கலக்கம் வரும். கதவைத் தாழிட்டுவிட்டு, தாழிட்டோமா என்று மறுபடி எழுந்துபோய்ப் பார்ப்பேன். கதை நடந்தபோது எல்யாஸுக்கு இருபத்தேழு வயது. அதனால் இனி அவரை அவன் என்றே எழுதுகிறேன். அவரே அப்படித்தான் சொன்னார், யாரோ ஒரு துடுக்குப் பையனைப் பற்றிச் சொல்வது போல.

ஆபெலிக்கு அப்போது முப்பத்தாறு. குளிர்காலம் முழுக்க, காட்டில் மரம் வெட்டும் கூப்பில் கட்டை இழுக்கிற வேலை. போய்க்கா என்று ஒரு ஆண் குதிரை, ஒன்பது வருடமாக அவரோடு இருந்தது. கூப்பிலிருந்து வீடு இருபது கிலோமீட்டர். சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஆபெலி கடிவாள வாரைத் தளர்த்தி வண்டிக் கம்பில் சுற்றிவிட்டு, ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். கண் விழித்தால் வீட்டு வாசல். சவுனா என்ற நீராவிக் குளியல் அறையிலிருந்து புகை வந்துகொண்டிருக்கும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள். பனிப்புயலில் வழி தவறினால் செய்யவேண்டியதும் அதுதான்: வாரைத் தளர்த்திவிடு, குதிரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதனாலேயே புதுக் குதிரை ஒன்று வந்தால் அதன் பேரை யாரும் முதலில் கேட்கமாட்டார்கள். "எந்த வீட்டுக் குதிரை?" என்றுதான் கேட்பார்கள். குதிரைக்குத் திசை என்று ஒன்றுதான் உண்டு. அது வளர்ந்த லாயம் இருக்கும் திசை.

1939 நவம்பர் கடைசியில் ரஷ்யாவோடு போர் வந்தது. ஆபெலியையும் போய்க்காவையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். ஆபெலியின் மனைவி ஹில்மா வேலிக் கதவு வரை வந்தாள். கையில் மூன்று ஜோடி கம்பளிக் காலுறை. இரண்டு கணவனுக்கு, ஒன்று தம்பிக்கு. எல்யாஸ் அதே படைப்பிரிவுக்குத்தான் போகிறான்.

எல்யாஸ் ஊரின் தபால்காரன். குளிர்காலத்தில் காலில் ஸ்கீ என்ற சறுக்குக் கட்டை போட்டுக்கொண்டு நாற்பது வீடுகளுக்குக் கடிதம் கொடுப்பவன். வட்டார ஸ்கீப் பந்தயத்தில் மூன்று முறை முதல். ஓடாமல் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் சண்டை பிடிக்கிற ஆள்.

"என் தம்பிய ரெண்டு காலோட கூட்டிட்டு வா," என்றாள் ஹில்மா. "உசுரு போச்சுன்னா, கடவுள் எடுத்துக்கிட்டார்னு அழுதுட்டு இருந்துடுவேன். கால் போய் வந்தான்னு வை, அவன் ஒரு வருசம் தாங்க மாட்டான். கயித்தைத் தேடுவான். உனக்கே தெரியும். அப்படி மட்டும் அவனக் கொண்டுவந்தீன்னா என் மூஞ்சியில முழிக்காதே."

"அக்கா, ரசீது எழுதி வாங்கிக்க," என்றான் எல்யாஸ். "கால் ரெண்டு. நல்ல நிலைமையில. கையெழுத்து, ஆபெலி கார்ப்பினென்."

ஹில்மா சிரிக்கவில்லை. ஆபெலியும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை ஹில்மா வாக்காக எடுத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்து, தாழப் பறந்து வந்த விமானம் ஒன்று சாலையில் சுட்டுக்கொண்டே போனது. போய்க்கா நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கிச் சரிந்தது. ஆபெலி அதன் கழுத்துப்பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோலில் சூடு இன்னும் இருந்தது. மத்தியானமே வேறொரு குதிரையைக் கொண்டுவந்து கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். செம்பழுப்புப் பெட்டை, நெற்றியில் வெள்ளை, குளம்பில் சுட்ட எண். கொண்டுவந்த படைக் குமாஸ்தா, "பேரெல்லாம் தெரியாது, நம்பர் இருக்கு, பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எந்த வீட்டுக் குதிரை என்று ஆபெலி கேட்கவில்லை.

வாழ்நாளில் அவர் கேட்காமல் விட்டது அந்த ஒரு குதிரையைப் பற்றித்தான். எல்யாஸ் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் நிறுத்துவார். ஜன்னல் பக்கம் பார்ப்பார். "ஒரே ஒரு கேள்வி," என்பார்.

பெட்டை பத்து நாள் ஒழுங்காக வேலை செய்தது. முன்னணிக் கூடாரங்களிலிருந்து காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே பதினான்கு கிலோமீட்டர், ஏரியைக் கடந்து, பள்ளிக்கூடத்தில் இருந்த மருத்துவ முகாம் வரை. திரும்பும்போது வெடிமருந்தும் ரொட்டியும். மெதுவாக நடக்கும், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "சவ ஊர்வலத்துக்குப் போற கிழவி மாதிரி நடக்குது," என்று எல்யாஸ் கிண்டல் செய்வான்.

பதினோராவது நாள் ஏற்றவேண்டியிருந்தது எல்யாஸை.

இடது தொடையில் குண்டு. எலும்பில் படவில்லை, சதையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. மருத்துவ சார்ஜண்ட் தொல்வானென் கூடாரத்தில் வைத்துக் கட்டுப் போட்டார். மூன்று நாளாகத் தூங்காத மனிதர். ஆபெலியும் அப்படித்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரி, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கியின் இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோல் அதோடு போய்விடும்.

"இறுக்கிக் கட்டியிருக்கேன்," என்றார் தொல்வானென். "தளர்த்தினா ரத்தம் போயிடும். இறுக்கினபடி விட்டா காலுக்கு ரத்தம் சரியாப் போகாது. ரத்தம் போகாத கால் இந்தக் குளிர்ல விறகுதான். சூடு ஆறாமப் பாத்துக்க. மூணு மணி நேரத்துல அங்க இருக்கணும்."

"இருப்பேன்."

"தூங்க விடாதே. பேசிட்டே போ."

"அவனைப் பேச வைக்கிறதா கஷ்டம்? நிறுத்தறதுதான்," என்றார் ஆபெலி.

கூடார அடுப்பின் மேல் சுட வைத்திருந்த மூன்று கற்களைத் துணியில் சுற்றினார்கள். ஒன்று இடது பாதத்தில், ஒன்று முழங்காலுக்கு அடியில், ஒன்று வயிற்றின் மேல். சுற்றிலும் காய்ந்த புல், மேலே கலைமான் தோல். முகம் மட்டும் வெளியே. மத்தியானம் பன்னிரண்டுக்குப் புறப்பட்டார்கள். மூன்று மணிக்கு வெளிச்சம் போய்விடும்.

குளிரில் போகிற இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போகவேண்டும். மூக்கிலோ கன்னத்திலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது உறைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பட்டவனுக்குத் தெரியாது, மரத்துப் போயிருக்கும். பார்ப்பவன்தான் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அதன் மேல் வைக்கவேண்டும். கேட்டுக்கொண்டெல்லாம் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

ஏரிக்கு வந்தபோது காற்று வலது கன்னத்தில் அடித்தது. சரியான திசை. பனிக்கட்டி மேல் வழி தெரிய இருபது அடிக்கு ஒன்றாக ஊசியிலை மரக் கிளைகளை நட்டு வைத்திருந்தார்கள். பாதி ஏரி வரை அவை தெரிந்தன. அப்புறம் காற்று தரைப்பனியைக் கிளப்பியது. பார்வைக்கு எட்டியது குதிரையின் வால் வரைதான்.

"மச்சான், உன் மூக்கு," என்றான் எல்யாஸ்.

ஆபெலி கையுறைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டார். தேய்த்தும் சூடு வரவில்லை. கலைமான் தோலுக்குள் முகத்தை விட்டு எல்யாஸின் தோளோடு ஒட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம்தான் என்பார் எல்யாஸ். ஆனால் மூன்று நாள் தூங்காதவருக்குக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று யார் சொல்வது?

தலையைத் தூக்கியபோது நட்டுவைத்த கிளை ஒன்றுகூட இல்லை. முன்னும் பின்னும் ஒரே வெண்மை. ஆபெலி தன் அப்பா செய்ததை, ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தார். கடிவாள வாரைத் தளர்த்தி வண்டிக் கம்பில் சுற்றினார்.

"போ பொண்ணே. வீட்டுக்குப் போ," என்றார்.

பெட்டை தலையைத் தூக்கியது. பத்து நாளில் முதல் தடவையாகக் காதுகளை முன்னால் நீட்டியது. ஒரு வட்டம் அடித்துத் திரும்பி, துள்ளு நடையில் போக ஆரம்பித்தது.

"பாத்தியா? தெரிஞ்சுக்கிச்சு," என்றார் ஆபெலி. அவர் குரலில் நிம்மதி இருந்தது.

எல்யாஸ் குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கிழவிக்கு ஏன் மச்சான் திடீர்னு கல்யாண நடை வந்துச்சு?" என்றான்.

"லாயத்துல ஓட்ஸ் இருக்குல்ல. அந்த வாசனை."

"பத்து நாளா இல்லாத வாசனையா?"

"வாயை மூடு. இல்ல, மூடாதே. பேசு."

காற்று இப்போது இடது கன்னத்தில் அடித்தது. ஏரி மேல் காற்று திரும்புவது வழக்கம்தான் என்று ஆபெலி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கரை வந்தது, காடு வந்தது. காட்டுக்குள் பனித்தூசி அடங்கியிருந்தது, ஆனால் வெளிச்சம் போக ஆரம்பித்திருந்தது. பெட்டை நிற்கவில்லை, யோசிக்கவில்லை. பாதத்தில் வைத்த கல்லை ஆபெலி தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது. அதை எடுத்தெறிந்துவிட்டு வயிற்றுக் கல்லைப் பாதத்துக்கு மாற்றினார்.

"இடது கட்டைவிரலை ஆட்டு."

"ஆட்டறேன்."

"ஆடுதா?"

"நான் ஆட்டறேன். அது ஆடுதான்னு அதைத்தான் கேக்கணும்."

அப்போதுதான் ஆபெலி வழியோரத்துச் சுவடுகளைப் பார்த்தார். ஸ்கீ தடம் இல்லை. காலடிகள். இடுப்பளவுப் பனியில் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடந்த ஆழமான குழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, பத்துப் பதினைந்து பேர் போயிருக்கவேண்டும். நம் ஆட்கள் யாரும் காட்டில் ஸ்கீ இல்லாமல் நடக்க மாட்டார்கள். ஓரிடத்தில் ஒரு குழியோடு சுவடு நின்றது. குழிக்குள் ஒரு தோல் பூட்ஸ் மட்டும் இருந்தது.

ஆபெலி வாரை அவிழ்த்து இழுத்தார். பெட்டை நிற்கவில்லை. எழுந்து நின்று முழு பலத்தோடு இழுத்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியும் அது போய்க்கொண்டே இருந்தது.

"மச்சான்," என்றான் எல்யாஸ் மெதுவாக. "இது எந்த வீட்டுக் குதிரை?"

ஆபெலி இன்னொரு தடவை வாரை இழுத்துப் பார்த்தார்.

காடு விலகியது. ஒரு வெட்டவெளி. முதலில் தெரிந்தது கிணற்று ஏற்றத்தின் நீண்ட கழி, வானத்தை நோக்கிச் சாய்ந்தபடி. அப்புறம் புகைபோக்கி. வீடு இல்லை. கறுத்த உத்திரங்களுக்கு நடுவே செங்கல் புகைபோக்கியும் அதன் அடியில் பெரிய ரொட்டி அடுப்பும் மட்டும் நின்றன. எல்லைப் பக்கத்துப் பண்ணை. போர் தொடங்கிய வாரமே எதிரிக்குக் கூரை கிடைக்கக் கூடாது என்று கொளுத்திவிட்டு எல்லோரும் மேற்கே போன இடம். பெட்டை, லாயம் இருந்த இடத்துக்கு நேராகப் போய், கதவு இருந்த இடத்தில் நின்றது. யாராவது வந்து திறப்பார்கள் என்று காத்திருந்தது. ஒரு தடவை கனைத்தது.

அந்தச் சத்தத்துக்குப் பதினைந்து பேராவது திரும்பியிருக்கவேண்டும். புகைபோக்கியைச் சுற்றி ரஷ்யச் சிப்பாய்கள் உட்கார்ந்திருந்தார்கள், நீண்ட கோட்டும் கூரான தொப்பியுமாக. ஆபெலி துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். யாரும் அசையவில்லை. ஒருவன் கையை அணைந்த தீயின் பக்கம் நீட்டியபடி இருந்தான். ஒருவன் மடியில் ஒரு தகரக் குவளை. திறந்த கண்களின் மேல் உறைபனி படிந்திருந்தது.

ஆபெலி திரும்பி வந்து எல்யாஸின் காலைத் தொட்டார். காலுறையின் மேலேயே தெரிந்தது. கல் ஆறியிருந்தது, அதோடு பாதமும். மருத்துவ முகாம் எந்தப் பக்கம் என்றே தெரியாத இடத்தில், இனி எத்தனை மணி நேரமோ. ஹில்மா வேலிக் கதவருகே நின்று பார்த்த பார்வை அவருக்கு அப்போது ஞாபகம் வந்ததாம்.

"இரு. வரேன்," என்று சொல்லிவிட்டு அடுப்பை நோக்கிப் போனார். தீ அணைந்தாலும் அந்த மாதிரி அடுப்புக்குள் சூடு வெகு நேரம் நிற்கும். கங்கு இருக்கலாம். இனி எழுதுவது ஆபெலியே ஒரே ஒரு முறை எல்யாஸிடம் சொன்னது.

அடுப்பின் வாய்க்குள் ஒரு மனிதன் இருந்தான். உயிரோடு. முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்து, ரொட்டி வேகிற இடத்தில் சுருண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும், தாடி முழுக்கப் பனி. அடுப்பு வாயின் செங்கற்களைப் பெயர்த்து, கங்கில் புரட்டிச் சூடாக்கி, தன்னைச் சுற்றி அடுக்கியிருந்தான். வெள்ளை பூசிய செங்கற்கள். ஆறு.

அவன் ஆபெலியைப் பார்த்தான். துப்பாக்கி கையில் இல்லை, தேடவும் இல்லை. அவன் மூக்கில் வெள்ளைத் திட்டு. ஆபெலியின் கை தானாகப் போய்விட்டது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அந்த மூக்கின் மேல் வைத்தார். எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று அவருக்குத் தெரியாது. அந்த மனிதன் ஏதோ சொன்னான். ஒரே சொல்லை இரண்டு மூன்று தடவை. பிறகு, மெல்ல, வலியோடு நகர்ந்து, அடுப்புக்குள் இன்னொருவருக்கு இடம் விட்டான்.

வண்டியிலிருந்து எல்யாஸ் கத்தினான். "யாரு கூட மச்சான் பேசுற?"

"குதிரை கூட."

"குதிரை இங்க என் முன்னால நிக்குது!"

ஆபெலி அடுப்பு வாய்க்குள் குனிந்தார். கோட்டின் முன்பக்கத்தைப் பையாகப் பிடித்துக்கொண்டு செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஐந்து. அந்த மனிதன் தடுக்கவில்லை. முதல் கல்லை எடுத்தபோது உதவுவதுபோல் கையைத் தூக்கிக்கூடக் கொடுத்தான். மூன்றாவது கல்லில் அவனுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கையைத் தூக்கவில்லை.

இரண்டு கல் பாதத்துக்கு, ஒன்று முழங்காலுக்கு, இரண்டு தொடையின் இரண்டு பக்கம். புல்லை அமுக்கி, தோலை மூடினார். எல்யாஸுக்குக் கண்ணில் நீர் வந்தது, சூட்டினால். அது இமையிலேயே உறைந்தது.

பெட்டை நகர மறுத்தது. அடித்தார், நகரவில்லை. கெஞ்சினார், நகரவில்லை. கடைசியில் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அதன் கண்களைக் கட்டினார். தாடை வாரைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்று, தன் எடையெல்லாம் போட்டு இழுத்தார். ஒரு அடி வந்தது. இன்னொரு அடி. விட்டால் திரும்பிவிடும் என்று தெரிந்ததால் அவர் விடவே இல்லை. வெட்டவெளியைத் தாண்டும்போது ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தார். அடுப்பு இருந்த பக்கம் இருட்டாக இருந்தது. அப்புறம் நடந்தார். தங்கள் வண்டித் தடத்திலேயே, காற்று வலது கன்னத்தில் படும்படி, ஏரி வரை, ஏரியைக் கடந்தும். கழுத்துத் துணி குதிரையின் கண்ணில் இருந்ததால் அவர் வலது காதும் கன்னத்தின் ஓரமும் உறைந்து போயின. கடைசி வரை அந்த இடம் கறுப்பாகவே இருந்தது.

ஏரியின் மேற்குக் கரையில் காவல்காரன் ஒருவன் துப்பாக்கியை நீட்டினான்.

"நில்லு! யாரது?"

ஆபெலியின் உதடு உறைந்திருந்தது. சத்தம் வரவில்லை.

"குதிரைக்கு முன்னால நடக்கிறான்," என்றது இன்னொரு குரல். "நம்ம ஆளுங்க எவனும் அப்படி நடக்க மாட்டான். சுடு."

"சுடுறா, சுடு!" என்று வண்டியிலிருந்து எல்யாஸ் கத்தினான். "உங்க ஆத்தா உனக்கு அனுப்பின பார்சலை வருசா வருசம் நான்தாண்டா சுமந்தேன், நாத்தம் புடிச்ச மீன் பணியாரம்! அதுக்கு இதுதான் கூலியா?"

துப்பாக்கி முனை தாழ்ந்தது. பிறகு, "தபால்காரனா?" என்றது முதல் குரல்.

மருத்துவ முகாமில் டாக்டர் கட்டைப் பிரித்தார். மூன்று கால்விரல்கள் போயின. கால் போகவில்லை. "யாருய்யா சொல்லிக்கொடுத்தது செங்கல்லு வைக்க?" என்று கேட்டாராம். ஆபெலி வெளியே, வண்டியருகே நின்றார். உள்ளே வந்து அடுப்பருகே உட்காரச் சொன்னார்கள். கதவு வரைதான் வந்தார்.

மார்ச்சில் போர் நின்றது. ஹில்மா வேலிக் கதவருகே நின்று, தம்பியின் கால்களை முதலில் பார்த்தாள், பிறகுதான் முகத்தை. அன்று இரவு ஆபெலிக்கு வெண்ணெய் இரண்டு மடங்கு வைத்தாள். ஆபெலி சாப்பிடவில்லை.

குதிரைகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் உத்தரவு ஜூனில் வந்தது. குளம்பு எண்ணைப் பட்டியலில் பார்த்துச் சொன்னார்கள்: எல்லையோரம், லெம்பி என்ற பெண்ணின் பண்ணை. புது எல்லை வகுத்தபோதும் நம் பக்கத்திலேயே நின்றுவிட்ட பண்ணை. வேறு யாரிடமாவது அனுப்பலாம் என்றார்கள். "நானே போறேன்," என்றார் ஆபெலி. ஒரு சாக்கில், அன்றிலிருந்து பத்திரமாக வைத்திருந்த ஐந்து செங்கற்களைப் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டார். எல்யாஸும் கூட நடந்தான், கோல் ஊன்றி, கொஞ்சம் சாய்ந்து.

பண்ணைக்குத் திரும்பும் முக்கில் ஆபெலி தாடை வாரை விட்டார். பெட்டை ஓடியது.

லாயம் இருந்த இடத்தில் லெம்பி புதுக் கட்டைகளால் ஒரு குடிசை போட்டிருந்தாள். ஐம்பது வயது, அகலமான கைகள். "லிண்டு! என் லிண்டு!" என்று ஓடிவந்து குதிரையின் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பேர் அப்போதுதான் ஆபெலிக்குத் தெரிந்தது.

ஆபெலி சாக்கை அவிழ்த்துக் கற்களைப் புல்லின் மேல் அடுக்கினார்.

"இது என் அடுப்புக் கல்லு!" என்றாள் லெம்பி. "நான் சுண்ணாம்பு பூசினது. இது எப்படி உன்கிட்ட?"

"குளிருக்கு எடுத்துட்டுப் போனோம். இவன் காலுக்கு."

"நல்லதுதான். கல்லு கெடக்குது கழுதை." அவள் எண்ணினாள். "ஆறு இருக்கணும். அடுப்பு வாய்க்கு ஆறு."

ஆபெலி வெறும் சாக்கை மடித்தார்.

"ஆறாவது எங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள் லெம்பி. "மே மாசம் பனி உருகினப்பதான் பாத்தோம், சுத்தி உக்காந்திருந்தாங்க. பாவம், அதுலயும் ஒருத்தன் அடுப்புக்குள்ள. கோட்டுக்குள்ள கல்லை வச்சுக் கட்டிப் புடிச்சுட்டு இருந்தான். கையைப் பிரிக்கப் பாத்தோம், முடியல. கல்லோடவே பொதைச்சுட்டோம். அந்த பிர்ச் மரத்துக்குக் கீழ." அவள் காப்பிக் கெட்டிலை எடுக்கத் திரும்பினாள். "மத்த கல்லை எடுத்தவன் அதை மட்டும் ஏன் விட்டான்னு நான் யோசிச்சுட்டே இருந்தேன். நீதான் எடுத்தியா?"

"நான்தான்."

"அப்ப ஏன் விட்ட?"

"கை நிறைஞ்சிருச்சு," என்றார் ஆபெலி.

லெம்பி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் காப்பி போட்டாள். புது அடுப்பருகே ஸ்டூலைப் போட்டு, வா என்றாள். ஆபெலி கதவோரம் உட்கார்ந்து குடித்தார். குடித்துவிட்டு பிர்ச் மரத்தடிக்குப் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அந்த மனிதன் சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை, எல்யாஸிடம் சொல்லியும் காட்டினார். ஊரில் ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அர்த்தம் என்ன என்று ஆபெலி யாரிடமும் கேட்கவில்லை. எல்யாஸும் கேட்கவில்லை. என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லவும் மறுத்துவிட்டார்.

திரும்பி முப்பது கிலோமீட்டர் நடை. அந்த வழியில்தான் ஆபெலி எல்லாவற்றையும் சொன்னார், திரும்பிப் பார்க்காமலே, முன்னால் நடந்துகொண்டே. சொல்லி முடித்தபின் அவர் நடை வேகமானது.

"மச்சான், மெதுவாப் போ," என்றான் எல்யாஸ் கடைசியில். "கால் வலிக்குது."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

ஆபெலி நடையைக் குறைத்தார், ஆனால் நிற்கவில்லை. பின்னால் குதிரை இல்லை. வலது கை மட்டும், தாடை வாரைப் பிடித்திருப்பது போல, தோள் உயரத்தில் மடங்கியே இருந்தது.